ஈர மண்ணில் வாடிய மிளகாய் நாற்றும் ஆறு டம்ளர் உருளைக்கிழங்கும்

காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில் எங்கள் தோட்டம். வீட்டுக்குப் பின்னால், சமையலறைச் சுவரை ஒட்டி, பத்தடிக்கு ஆறடியில் ஒரு பாத்தி வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வேண்டிய மிளகாய், கீரை, சின்ன வெங்காயம் எல்லாம் அதில்தான். இந்தப் பங்குனியில் நாற்பது மிளகாய் நாற்று நட்டேன். வேர் பிடித்து நன்றாகத்தான் வந்தது. சித்திரை பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை, ஒவ்வொன்றாகத் தலை தொங்க ஆரம்பித்தது.

மதிய வெயிலில் தொங்கினால் கவலைப்பட மாட்டேன், சாயங்காலம் நிமிர்ந்துவிடும். இவை விடியற்காலை ஆறு மணிக்கே தொங்கின. இலை ஓரமெல்லாம் காப்பிப் பொடி நிறத்தில் கருகியிருந்தது. ஆனால் மண்ணில் விரலை விட்டால் இரண்டாவது கணு வரைக்கும் ஈரம். தண்ணீர் போதவில்லை என்று சொல்ல வழியே இல்லை.

மருந்துக் கடையில் கேட்டேன். வேரழுகல் என்று சொல்லி ஒரு பூஞ்சைக்கொல்லி கொடுத்தார்கள். இரண்டு தடவை ஊற்றினேன். அதற்குள் பதினோரு செடி போய்விட்டது. போனதில் ஒன்றைப் பிடுங்கிக் கழுவிப் பார்த்தேன். வேர் வெள்ளையாக, கெட்டியாக இருந்தது. அழுகின வேரை உருவினால் மேல்தோல் கையோடு வந்துவிடும், நாற்றமும் அடிக்கும். இதில் இரண்டும் இல்லை.

அந்த வாரம்தான் அண்ணன் மகள் லீவுக்கு வந்தாள். பதினொன்றாம் வகுப்பு முடித்திருக்கிறாள், உயிரியல் பிரிவு. பாத்தி ஓரம் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, "ஏனுங்கத்தே, மண்ணு மேல இது என்னங்க வெள்ளையா?" என்றாள். நான் அதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். உப்புப் பூத்திருந்தது. எங்கள் பக்கத்து மண்ணில் இது புதிதில்லை என்பதால் கண்ணில் பட்டும் படாத மாதிரி இருந்துவிட்டேன். அவள் விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். "உப்புக் கரிக்குது, கசக்குது."

பாத்திக்கு என்ன தண்ணீர் போகிறது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் போர் தண்ணீர் குடிக்க ஆகாது. அதனால் சமையலறையில் ஆர்.ஓ. மெஷின் வைத்திருக்கிறோம். மெஷின் ஒரு குடம் நல்ல தண்ணீர் கொடுப்பதற்குள் இரண்டு மூன்று குடம் கழிவுத் தண்ணீரை வெளியே விடுகிறது. இந்தக் காய்ந்த ஊரில் அத்தனை தண்ணீரைச் சாக்கடையில் விட மனசு வருமா? போன தை மாதம் ஒரு குழாய் போட்டு அந்தத் தண்ணீரைப் பாத்தியில் திருப்பி விட்டேன். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பாத்தி நனைந்துகொண்டிருந்தது.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும் டிடிஎஸ் மீட்டரை எடுத்து எல்லாவற்றையும் அளந்தோம். மெஷினின் நல்ல தண்ணீர் 80. போர் தண்ணீர் 1,900. கழிவுக் குழாயில் வருவது 2,600. அதாவது ஒரு லிட்டரில் ஏறத்தாழ இரண்டரை கிராம் உப்பு வகைகள் கரைந்திருக்கின்றன.

"சவ்வூடு பரவல்தாங்கத்தே" என்று உடனே சொன்னாள். செல்லைச் சுற்றி இருக்கும் மெல்லிய சவ்வு வழியாக, உப்பு அதிகமான பக்கத்துக்குத் தண்ணீர் போகும், வேருக்குள் இருக்கும் தண்ணீரை வெளியே இருக்கும் உப்பு இழுத்துவிடும் என்றாள். கேட்டுக்கொண்டிருந்த மாமியார், "மாவடுவுக்கு உப்புப் போட்டா ராத்திரியிலயே தண்ணி உட்டுருமே கண்ணு, அதாட்டத்தான?" என்றார். அதாட்டமேதான். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். மாவடுவுக்குப் போடுவது கை கையாய் உப்பு. இங்கே லிட்டருக்கு இரண்டரை கிராம்தான். ரசத்துக்குப் போடும் உப்புகூட இதைவிட அதிகம். இவ்வளவு கொஞ்சம் உப்பு ஒரு செடியின் தண்ணீரை இழுக்குமா? அளந்து பார்த்துவிடலாம் என்று ஆரம்பித்தோம்.

முதல் தடவை செய்தது எதுவும் தேறவில்லை. அதையும் எழுதுகிறேன், செய்து பார்க்கிறவர்களுக்கு உதவும். உருளைக்கிழங்கைத் துண்டு போட்டு டம்ளர்களில் ஊறவைத்து, முன்னும் பின்னும் சமையல் தராசில் எடை பார்த்தோம். அந்தத் தராசு ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது. நாங்கள் தேடிய வித்தியாசமே ஒரு கிராம்தான். இரண்டு மூன்று கிழங்குகளைக் கலந்து வெட்டியிருந்தோம், ஒரு கிழங்கு போல இன்னொன்று இல்லை. சில துண்டுகளில் தோல் ஒட்டியிருந்தது, தோல் வழியாகத் தண்ணீர் லேசில் போகாது. எல்லாவற்றுக்கும் மேலே, இரவு முழுக்க ஊறவிட்டதில் சித்திரைச் சூட்டுக்குக் காலையில் டம்ளர் நுரைத்து நாறியது. கொட்டிவிட்டோம்.

இரண்டாவது தடவை வீட்டுக்காரரின் நகைத் தராசு கிடைத்தது. 0.01 கிராம் வரை காட்டும். பெரிய கிழங்காக ஒன்று எடுத்து, தோலை ஆழமாகச் சீவி, விரல் பருமனில் ஐந்து சென்டிமீட்டர் நீளத் துண்டுகளாக வெட்டினோம். டம்ளருக்கு மூன்று துண்டு, சேர்த்து 15 கிராமுக்குப் பக்கமாக. ஆறு டம்ளர். ஒன்றில் மெஷினின் நல்ல தண்ணீர், ஒன்றில் கழிவுத் தண்ணீர், மற்ற நான்கில் நல்ல தண்ணீரில் தூள் உப்புக் கரைத்து லிட்டருக்கு 5, 10, 20, 40 கிராம். கல் உப்பு வேண்டாம், அதில் ஈரம் இருப்பதால் எடை சரியாக வராது. நான்கு மணி நேரம் ஊறியதும் எடுத்து, பருத்தித் துண்டில் ஒவ்வொரு பக்கமும் ஒரே ஒரு தடவை ஒற்றி எடை போட்டோம். இந்த ஒற்றுவதில்தான் கணக்கு கெடும். ஒருவரே எல்லாத் துண்டையும் ஒரே மாதிரி ஒற்ற வேண்டும்.

நோட்டில் இருப்பது இது. நல்ல தண்ணீரில் 15.02 கிராம் 16.28 ஆனது, 8.4 சதவீதம் கூடியது. லிட்டருக்கு 5 கிராம் உப்பில் 14.96 கிராம் 15.46 ஆனது, 3.3 கூடியது. 10 கிராமில் 15.08 கிராம் 14.86, அதாவது 1.5 குறைந்தது. 20 கிராமில் 10.4 குறைந்தது. 40 கிராமில் 19 குறைந்தது.

கையில் எடுத்தாலே தெரிந்தது. நல்ல தண்ணீர்த் துண்டை இரண்டு விரலில் பிடித்து வளைத்தால் 'டக்'கென்று ஒடிந்தது. 40 கிராம் உப்புத் துண்டு ரப்பர் மாதிரி வளைந்து, இரண்டு முனையும் தொட்டுக்கொண்டது. அந்தத் தொய்ந்த துண்டைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் நின்றேன். வெளியே பாத்தியில் மிளகாய்ச் செடி அதே மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

ஆனால் ஆறாவது டம்ளர், எதற்காக இத்தனையும் செய்தோமோ அந்தக் கழிவுத் தண்ணீர் டம்ளர், எங்கள் கணக்கைக் கவிழ்த்தது. 15.10 கிராம் 16.05 ஆகியிருந்தது. 6.3 சதவீதம் கூடியிருக்கிறது! தண்ணீரை இழக்கவே இல்லை, நன்றாகக் குடித்துப் பருத்திருந்தது. துண்டும் 'டக்'கென்று ஒடிந்தது. அவள் முகம் சுருங்கிவிட்டது. மறுநாள் வேறொரு கிழங்கில் திரும்பச் செய்தோம். அதே கதைதான்.

உட்கார்ந்து யோசித்தோம். எடை கூடுவது நின்று குறைய ஆரம்பிக்கும் இடம் 5 கிராமுக்கும் 10 கிராமுக்கும் நடுவில், நாங்கள் கோடு போட்டுப் பார்த்ததில் லிட்டருக்கு எட்டரை கிராம் பக்கத்தில் வந்தது. அதாவது எங்கள் உருளைக்கிழங்கின் செல்லுக்குள் கரைந்திருக்கும் சர்க்கரை, உப்பு எல்லாம் சேர்ந்து இழுக்கிற இழுப்பு, எட்டரை கிராம் உப்பின் இழுப்புக்குச் சமம். அவள் பாடப் புத்தகத்துச் சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தாள். ஏறத்தாழ 7 பார் அழுத்தம் வந்தது. எழுபது மீட்டர், அதாவது 230 அடி உயரத்தில் தொட்டி கட்டித் தண்ணீரை இறக்கினால் என்ன அழுத்தம் வருமோ அது. கார் டயரில் இருப்பது 2 பார்தான். ஒரு கிழங்குத் துண்டுக்குள் அவ்வளவு பலமா என்று எனக்கு அன்று முழுக்க மனசு அதிலேயே இருந்தது. கழிவுத் தண்ணீரின் இழுப்பு 2 பார் பக்கம்தான் வரும். ஏழோடு இரண்டு மல்லுக்கட்டினால் இரண்டு தோற்கத்தானே செய்யும்.

அப்புறம் எதற்கு மிளகாய் வாடுகிறது?

பதில் தெரியாமல் இரண்டு நாள் போனது. அந்த இடைவெளியில் செய்த ஒரு சோதனையை மட்டும் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன். இதெல்லாம் உண்மையிலேயே சவ்வின் வேலைதானா, வெறும் கிழங்கின் குணமா என்று எனக்கு ஒரு கேள்வி. கிழங்குத் துண்டுகளை வேகவைத்து ஆறவிட்டு, அதே 40 கிராம் உப்பில் போட்டோம். பச்சைத் துண்டு 19 சதவீதம் இழந்த அதே தண்ணீரில் வெந்த துண்டின் எடை கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. வாயில் போட்டால் நடு வரைக்கும் உப்பு ஏறியிருந்தது. பச்சைத் துண்டை வெட்டி நடுவில் நாக்கை வைத்தால் உப்பு அவ்வளவாகத் தெரியவில்லை. வேகும்போது சவ்வு கெட்டுப்போகிறது. அதன்பிறகு உப்பு இஷ்டத்துக்கு உள்ளே போகிறது, தண்ணீரை இழுக்க ஆளில்லை.

பீட்ரூட்டில் இது கண்ணுக்கே தெரியும். சந்தையில் வாங்கிய பீட்ரூட்டைத் துண்டு போட்டு, வெட்டுப்பட்ட செல்களின் சாயம் போகும் வரை நாலைந்து தடவை அலசினோம். பச்சைத் தண்ணீரில் போட்டால் ஒரு மணி நேரம் ஆகியும் தண்ணீர் லேசான ரோஜா நிறம்தான். கை பொறுக்காத சூட்டுத் தண்ணீரில் போட்டதும் துண்டைச் சுற்றிச் சிவப்பு இழை இழையாக இறங்கியது, ஐந்து நிமிடத்தில் டம்ளர் முழுக்க ரத்தச் சிவப்பு. அந்தச் சாயம் செல்லின் நடுப் பைக்குள் இருக்கிறது. வெளியே வர இரண்டு சவ்வைத் தாண்ட வேண்டும். சவ்வு உயிரோடு இருக்கும் வரை விடாது.

அந்தச் சவ்வு என்ன, எவ்வளவு கனம் என்று கேட்டேன். கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு வரிசையாக வால்கள் உள்பக்கம் பார்த்து நிற்கின்றன, நடுநடுவே புரதங்கள் பதிந்திருக்கின்றன. கனம் 7, 8 நானோமீட்டர். நம் தலைமுடியின் அகலத்துக்கு அடுக்கினால் பத்தாயிரம் சவ்வு அடுக்கலாம். கரைந்த உப்பு மின்னூட்டத்தோடு இருப்பதால் அந்தக் கொழுப்புக்குள் நுழையாது. தண்ணீர் கொழுப்பு வழியாகவே கொஞ்சம் கசியும். வேகமாகப் போகத் தனி வழி இருக்கிறது. அக்வாபோரின் என்ற புரதக் குழாய். ஒரு குழாய் வழியாக விநாடிக்கு 300 கோடி தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். உப்பு அதில் புகாது. ரத்தச் சிவப்பணுவில் இதைக் கண்டுபிடித்த பீட்டர் அக்ரேவுக்கு 2003இல் வேதியியல் நோபல் கிடைத்தது. சவ்வு வழியாகத் தண்ணீர் போவதை நோலே என்ற பிரெஞ்சுக்காரர் பன்றியின் சிறுநீர்ப்பையை வைத்து 1748இலேயே பார்த்துவிட்டார். அந்த வழி எது என்று தெரிய 1992 வரை ஆகியிருக்கிறது.

அவள் சொன்ன ஒரு உவமை எனக்குப் பிடித்திருந்தது. நம் கொறங்காட்டு (மேய்ச்சல் நிலத்து) கிளுவை வேலியில் கோழி புகுந்து போகும், மாடு போகாது, மாட்டுக்குப் படல் திறந்துவிட வேண்டும் என்றாள். உப்பு போக வேண்டுமானால் சவ்விலும் அப்படி ஒரு படல் வேண்டும். திறப்பதும் அடைப்பதும் செல்லின் கையில் இருக்கிறது.

சரி, பாத்திக்கு வருவோம்.

மூன்றாம் நாள் காலையில் பாத்திரம் கழுவும்போதுதான் பொறி தட்டியது. கழிவுத் தண்ணீர் பிடித்து வைத்திருந்த எவர்சில்வர் தாம்பாளம் திண்ணையில் காய்ந்து கிடந்தது. அடியில் வெள்ளையாகப் படிவு. தண்ணீர் காற்றோடு போய்விட்டது, உப்பு தங்கிவிட்டது. பாத்தியிலும் இதுதானே நடக்கிறது! நாங்கள் டம்ளரில் சோதித்தது குழாயிலிருந்து வரும் தண்ணீரை. வேர் பார்ப்பது அந்தத் தண்ணீரை இல்லை. வெயில் குடித்து, செடி குடித்து, மிச்சம் மண் துகள்களைச் சுற்றி ஒட்டியிருக்கிற தண்ணீரைத்தான் வேர் பார்க்கிறது. தினமும் கொஞ்சமாக நனைத்தேன். ஒரு நாளும் தண்ணீர் கீழே வடியும் அளவுக்கு விடவில்லை. தை மாதத்திலிருந்து வந்த உப்பு அத்தனையும் மேல்மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டது.

நான்கு லிட்டர் கழிவுத் தண்ணீரைத் தாம்பாளங்களில் ஊற்றி மொட்டை மாடியில் வைத்தோம். தூசிக்கு மேலே கொசுவலைத் துணி. ஐந்தாம் நாள் 400 மில்லி மிஞ்சியது. பத்தில் ஒன்று. மீட்டர் அவ்வளவு அடர்த்தியைக் காட்டாது என்பதால் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு நல்ல தண்ணீர் கலந்து அளந்து பத்தால் பெருக்கினோம். 20,000 வந்தது. கணக்குப்படி 26,000 வர வேண்டும். மிச்சம் சுண்ணாம்பாகத் தாம்பாளத்தில் படிந்துவிட்டது, சுரண்டினால் பொறுக்காகப் பெயர்ந்தது.

அதில் கிழங்குத் துண்டு போட்டோம். 14.98 கிராம் 13.60 ஆனது. 9.2 சதவீதம் போய்விட்டது. துண்டு வளைந்தது.

அவள் அன்றைக்கு நிறுத்தவில்லை. பள்ளி அறிவியல் மன்றத்திலிருந்து ஃபோல்ட்ஸ்கோப் கொண்டுவந்திருந்தாள். ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழு செய்த காகித நுண்ணோக்கி, மடித்துச் செய்வது, 140 மடங்கு பெரிதாகக் காட்டும். போன் கேமராவை அதில் ஒட்ட வைக்கலாம். சின்ன வெங்காயத்தின் இதழை ஒடித்து, வெளிப்பக்கத்து ஊதாத் தோலைக் கிள்ளி உரித்தாள். நகத்தளவு போதும். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு நல்ல தண்ணீரில் விரித்து மூடினாள். போன் திரையில் செங்கல் சுவர் மாதிரி செல்கள், ஒவ்வொன்றும் ஊதா நிறம் முட்ட நிரம்பி.

மூடியின் ஒரு ஓரத்தில் மாடியில் வற்றவைத்த கழிவுத் தண்ணீரை ஒரு சொட்டு விட்டு, எதிர் ஓரத்தில் டிஷ்யூ காகிதத்தால் ஒற்றி இழுத்தாள். ஒரு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு செல்லின் மூலையில் மட்டும் ஊதா கொஞ்சம் விலகி, வெள்ளையாக ஒரு முக்கோணம் தெரிந்தது. அடுத்த மூலை. பிறகு பக்கவாட்டில். செங்கல் சுவர் அப்படியே நிற்கிறது, உள்ளே இருந்த ஊதாப் பை மட்டும் சுருங்கிச் சுருங்கி, மூன்றாவது நிமிடத்தில் நடுவில் ஒரு உருண்டையாக நின்றது. புத்தகத்தில் பிளாஸ்மா சிதைவு என்று போட்டிருக்கிறது. மறு ஓரத்தில் நல்ல தண்ணீர் விட்டு இழுத்ததும் உருண்டை மெல்ல விரிந்து போய்ச் சுவரைத் தொட்டது. மாமியார் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை செய்துகாட்டச் சொல்லிப் பார்த்தார். வற்றவைக்காத கழிவுத் தண்ணீரையும் விட்டுப் பார்த்தோம். ஊதா அசையவே இல்லை. டம்ளர் சொன்னதையே இதுவும் சொன்னது.

அப்போதுதான் மாமியார் கேட்டார்: "தென்னைக்கு உப்பு வெக்கறமே, அதொண்ணும் வாடுலயே?" நியாயமான கேள்வி. இங்கே தென்னங்குழியில் உப்பு வைப்பது காலங்காலமாக உள்ள பழக்கம். தென்னைக்குக் குளோரைடு ஒரு சத்து. உப்பிலிருந்து அதை எடுத்து, பொட்டாசியத்தோடு செல்லுக்குள் சேர்த்துவைத்துக்கொள்கிறது. உள்ளே இழுப்புக் கூடினால் வெளி உப்போடு போட்டி போட முடியும். மிளகாய்க்கு அந்தத் திறமை குறைவு. அதன் வேர்ச் சவ்விலும் சோடியத்தை வெளியே தள்ளுகிற புரதங்கள் உண்டு. ஆனால் அடர்த்திக்கு எதிராகத் தள்ள வேண்டும், அதற்கு ஆற்றல் செலவு. அந்தச் செலவில் செடி வளராது, பூக்காது, கடைசியில் முடியாமல் இலை ஓரத்தில் உப்புச் சேர்ந்து கருகும். என் செடிகள் வாடுவதற்குக் கொஞ்ச நாள் முன்பே வளர்ச்சி நின்றிருந்ததை இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

எந்தப் பயிர் எவ்வளவு உப்பு தாங்கும் என்று வேளாண்மையில் பட்டியல் வைத்திருக்கிறார்கள். மண் சாற்றின் மின்கடத்துத்திறனை மீட்டருக்கு இத்தனை டெசிசீமன்ஸ் என்று அளப்பார்கள், உப்புக் கூடினால் அதுவும் கூடும். பீன்ஸ் 1, வெங்காயம் 1.2, மிளகாய் 1.5, தக்காளி 2.5, பருத்தி 7.7. இதைத் தாண்டினால் விளைச்சல் குறைய ஆரம்பிக்கும். நான் நட்டிருந்த மிளகாயும் வெங்காயமும், உப்பைக் குறைவாகத் தாங்குகிறவையாக, பட்டியலின் தலையில் இருக்கின்றன.

இனி சரிசெய்த கதை. மண்ணை அளக்க ஒரு சுலப வழி இருக்கிறது. நிழலில் காய்ந்த மண் 100 கிராம், நல்ல தண்ணீர் 500 மில்லி. பாட்டிலில் போட்டு நன்றாகக் குலுக்கி, அரை மணி நேரம் விட்டு விட்டுக் குலுக்கி, தெளியவிட்டு, வேட்டித் துணியில் வடித்து மீட்டரை விட வேண்டும். பாத்தியின் மேல் நான்கு அங்குல மண் 900 காட்டியது. தோட்டத்தில் தண்ணீர் படாத வரப்பு மண் 130.

முதல் வேலையாகக் கழிவுக் குழாயைப் பாத்தியிலிருந்து பிடுங்கி, கட்டுத்தரை கழுவும் தொட்டிக்குத் திருப்பினோம். மீதி தென்னைக்குப் போகிறது, அதுவும் ஒரே மரத்துக்குப் போகாமல் மாற்றி மாற்றி. உப்புப் பூத்த மேல்மண்ணை ஒரு அங்குலம் வழித்து எடுத்து ரோட்டோரம் போட்டோம். பிறகு கழுவல். ஒரு அடி ஆழ மண்ணின் உப்பில் பெரும்பகுதி போக, ஏறத்தாழ ஒரு அடி உயரத் தண்ணீர் அதன் வழியாகக் கீழே இறங்க வேண்டும். எங்கள் பாத்திக்கு 60 கன அடி, 1,700 லிட்டர். பக்கத்துத் தோட்டத்துக்காரர் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் தண்ணீர் ஒரு டேங்கர் கொண்டுவந்து தந்தார். அளந்தால் போர் தண்ணீர் பக்கத்திலேயே வராத நல்ல தண்ணீர். வரப்பை உயர்த்தி மூன்று தவணையாகத் தேக்கினேன், ஒன்று முழுசாக இறங்கின பிறகே அடுத்தது. தண்ணீர் இறங்க வேண்டும் என்பதால் முதலில் கடப்பாரையால் ஒன்றரை அடிக்குக் குத்தி இளக்கினோம். அடியில் ஓடைக்கல் இறுகியிருந்த ஒரு மூலையில் மட்டும் தண்ணீர் நின்றது, அந்த மூலையை விட்டுவிட்டேன்.

வைகாசி முதல் வாரத்தில் இரண்டு கோடை மழையும் கை கொடுத்தன. அதன்பிறகு எடுத்த மண் 180 காட்டியது.

மிச்சமிருந்த மிளகாயில் ஒன்பது செடி தப்பியது. புதுத் துளிர் கருகாமல் வருகிறது, பழைய இலை ஓரம் அப்படியேதான் இருக்கிறது. காலி இடத்தில் தக்காளி வைத்திருக்கிறேன், பட்டியலில் ஒரு படி கீழே இருப்பதால். மண் மேலே தென்னை ஓலையைக் கிழித்து மூடாக்குப் போட்டிருக்கிறேன், வெயில் தண்ணீரைக் குடிப்பது குறையும், உப்பு மேலே ஏறுவதும் குறையும். தேங்காய் நார்க்கழிவு போட நினைத்தேன். மீட்டரில் அதன் ஊறல் தண்ணீரைப் பார்த்ததும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன், கழுவாத நார்க்கழிவிலேயே உப்பு இருக்கிறது. தண்ணீர் விடும் முறையையும் மாற்றிவிட்டேன். தினமும் சொட்டுச் சொட்டாக விடுவதில்லை. மூன்று நாளைக்கு ஒருமுறை, பாத்தி அடி வரை நனைந்து வடியும்படி.

அவள் ஊருக்குப் போகும்போது ஃபோல்ட்ஸ்கோப்பை என்னிடம் விட்டுப் போனாள். "ஆடிக் காத்துல மண்ணு சீக்கிரம் காயும், அப்ப ஒருக்கா பாருங்கத்தே" என்று சொல்லியிருக்கிறாள். காற்று ஆரம்பித்துவிட்டது. நாலு மூலையிலும் நடுவிலும் மண் எடுத்து, ஐந்து தட்டில் திண்ணை நிழலில் பரப்பியிருக்கிறேன். நாளைக்குக் காய்ந்துவிடும்.